ஸ்கேன் கோப்புகளுக்கு நகல்: சர்வீஸா, டாஸ்க் ஷெட்யூலரா, சிஸ்டம்டியா?

பின்னணியில் ஓட வேண்டிய சின்ன நிரல் ஒன்றை எழுதி முடித்ததும் பலருக்குக் கை தானாக 'சர்வீஸ்' பக்கம், அதாவது யாரும் உள்நுழையாமலே இயங்குதளம் பின்னணியில் ஓட்டும் நிரலாக அதைப் பதியும் வழிப் பக்கம், போய்விடுகிறது. பாதி இடங்களில் அது தேவையே இல்லை என்பது என் கட்சி. மின்சாரம் போய் வந்த பிறகு, கணினியைப் பற்றி அதிகம் தெரியாத ஒருவர் பவர் பட்டனை அழுத்துகிறார். நிரல் தானாக எழுந்து ஓடுமா? ஓடாவிட்டால் அவருக்கு அது தெரியவருமா? எந்த வழியில் நிறுவுவது என்பதை இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

வேலூர்ப் பக்கத்துப் பத்திர எழுத்தர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கேனர் இணைத்த ஒரு மேசைக் கணினி. ஸ்கேன் ஆகும் பத்திரமெல்லாம் ஒரு கோப்புறையில் விழும். அதன் நகல் வெளி ஹார்ட் டிஸ்குக்கும், மாடியில் இருக்கும் இன்னொரு கணினிக்கும் போய்ச் சேர வேண்டும். பழைய மூலப்பத்திரங்களில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே இருக்கும். 1989இல் அந்த மாவட்டம் இரண்டானது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதனால் தட்டச்சு செய்யும் அக்கா 'வட ஆற்காடு', 'வேலூர்', 'ராணிப்பேட்டை', 'திருப்பத்தூர்' என்று தமிழிலேயே கோப்புறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பெயர்கள் பின்னால் நமக்கு ஒரு வேலை வைக்கும்.

முதலில் விண்டோஸ் சர்வீஸ். எந்த இஎக்ஸ்இ கோப்பையும் சர்வீஸாகப் பதிந்துவிடலாம், ஆனால் ஓடாது. சர்வீஸ் மேலாளர் தான் கிளப்பிவிட்ட நிரல் 30 விநாடிக்குள் தன்னிடம் வந்து ஆஜர் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கும். சாதாரண நிரலுக்கு அந்த முறை தெரியாது. விளைவு, 1053 என்ற பிழை எண். நிரலைக் கோ என்ற நிரல்மொழியிலோ மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டிலோ எழுதினால் அதற்கான நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பைத்தான் நிரலென்றால் என்எஸ்எஸ்எம் அல்லது வின்எஸ்டபிள்யூ என்ற உறை நிரலுக்குள் (நம் நிரலுக்காக மேலாளரிடம் தானே ஆஜர் சொல்லும் நிரல்) வைத்து ஓட்டுவது எளிது. என்எஸ்எஸ்எம்மில் ஒரு சின்னச் சாளரத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம் என்பதால் அதற்கு ரசிகர்கள் அதிகம். ஆனால் அதன் 2.24 பதிப்பு 2014இல் வந்தது. அமைப்புகளையும் விண்டோஸின் உள் அமைப்புக் கிடங்கான ரெஜிஸ்ட்ரிக்குள் கொண்டுபோய் வைக்கிறது. வின்எஸ்டபிள்யூவுக்கு எக்ஸ்எம்எல் என்ற வடிவில் ஓர் உரைக் கோப்பு எழுத வேண்டும். அது நிரலின் பக்கத்திலேயே கிடக்கும், அடுத்து வருபவர் திறந்து படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

சர்வீஸ் வழியில் உண்மையான தலைவலி பயனர் கணக்கு. வேறு கணக்கைக் குறிப்பிடாவிட்டால் சர்வீஸ் 'லோக்கல் சிஸ்டம்' என்ற கணக்கில் ஓடும். அக்காவின் திரையில் 'இசட்' டிரைவாகத் தெரியும் மாடிக் கணினி அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது. பிணையப் பாதையை முழுதாகக் கொடுத்தாலும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பப்படும். தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல்லுடன் சர்வீஸில் பதிந்தால்தான் தீரும். பிறகு யாராவது அந்தக் கடவுச்சொல்லை மாற்றினால் மறுபடியும் நிற்கும். விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்கள் தனி அமர்வில் ஓடுவதால், 'நகல் எடுக்க முடியவில்லை' என்று திரையில் ஓர் அறிவிப்புப் பெட்டி காட்டக்கூட அவற்றால் வழக்கமான முறையில் முடியாது.

இனி டாஸ்க் ஷெட்யூலர், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டிவிடும் விண்டோஸ் கருவி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, புதிதாக இருப்பதை நகலெடுத்துவிட்டு முடிந்துபோகும் பணி. இதற்கு நிரல்கூட எழுத வேண்டாம். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை போதும். பயனரின் சொந்தக் கணக்கில் ஓடுவதால் கணக்குச் சிக்கலில் பெரும்பகுதி காணாமல் போகிறது. இடையில் செத்தாலும் அடுத்த ஐந்தாம் நிமிடம் புதிதாகப் பிறக்கிறது. மறுதொடக்கம் என்ற கவலையே இல்லை.

ஆனால் இந்த இரண்டின் இயல்பான அமைப்புகளையும் அப்படியே விட்டுவிட்டால் காலை வாரும். யாரோ ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ரோபோகாப்பி அதை எத்தனை முறை மறுபடி முயலும் தெரியுமா? நாம் எண் கொடுக்காவிட்டால் பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி இடைவெளி. இதற்கிடையில் டாஸ்க் ஷெட்யூலர், முந்தைய ஓட்டம் முடியவில்லையே என்று புதிய ஓட்டத்தைத் தொடங்காது. மூன்று நாள் கழித்துத்தான் பணியை வெட்டிவிடும்; அதுவரை ஒரு நகலும் போகாது, ஒரு பிழையும் தெரியாது. மறுமுயற்சி இரண்டு, இடைவெளி ஐந்து விநாடி என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று: ரோபோகாப்பி ஒழுங்காக நகலெடுத்தால் 1 என்ற எண்ணைத் திருப்பும். டாஸ்க் ஷெட்யூலர் பட்டியலில் அதைப் பார்ப்பவர் தோல்வி என்று பதறுவார். 8க்குக் கீழ் எதுவும் தோல்வியல்ல.

கணினி தொடங்கும்போது ஓடு என்று குறிப்பதைவிடப் பயனர் உள்நுழையும்போது ஓடு என்று குறிப்பது நல்லது. விண்டோஸ் 8 முதல் இருக்கும் வேகத் தொடக்கம் இயங்கினால், இரவு அணைத்துக் காலையில் போடுவது முழுமையான தொடக்கமாக எண்ணப்படுவதில்லை; அதனால் பணியும் ஓடாது. பணி வரலாறு இயல்பாக அணைந்திருக்கும், அதையும் இயக்கிவிடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் வைத்த வேலைக்கு வருவோம். பைத்தான் நிரல் கட்டளைகள் தட்டும் கறுப்புத் திரையில் அழகாக ஓடும். அதையே சர்வீஸாக்கி, திரையில் வருவதை லாக் (பதிவேட்டுக்) கோப்புக்குத் திருப்பினால், 'வட ஆற்காடு' என்று அச்சிட முயலும் இடத்திலேயே விழுந்துவிடும். திரைக்குப் போகும்போது யூனிகோடாகப் போனது, கோப்புக்குத் திரும்பியதும் விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துக் குறியீட்டுக்கு மாறிவிடுகிறது; அதில் தமிழுக்கு இடமில்லை. பைத்தான் 3.7 முதல், தமிழையும் எழுதத் தெரிந்த யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையை ஒரு சூழல் மாறியால் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) இயக்கலாம். வின்எஸ்டபிள்யூ கோப்பில் அதற்கு ஒரே ஒரு வரி. ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கோளாறு கண்ணில் படாது.

லினக்ஸ் பக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், 11ஐத் தாங்காத பழைய கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடலாமா என்ற கேள்வி இப்போது இயல்பாகவே எழுகிறது. அங்கே குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் பழைய கருவியான க்ரானா, கணினி தொடங்கியதும் சர்வீஸ்களைக் கிளப்பி மேய்க்கும் சிஸ்டம்டியா என்பதுதான் போட்டி. க்ரான் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு என்று எழுதி வைத்தால், ஆறு மணிக்கே அணைத்துவிடும் அலுவலகத்தில் அந்த வேலை ஒருநாளும் நடக்காது. தவறியதைக் க்ரான் திரும்பிப் பார்ப்பதில்லை. சிஸ்டம்டியிலேயே இருக்கும் நேரம் குறிக்கும் வசதியான டைமரில், தவறியதை ஓட்டு என்று ஒரு வரி சேர்க்கலாம். லாக்கையும் அதுவே வாங்கி நேரத்தோடு வைத்துக்கொள்கிறது. இங்கே என் ஓட்டு தயக்கமின்றி டைமருக்கு.

அதையும் கணினி முழுமைக்குமாக நிறுவாமல் பயனரின் பெயரில் நிறுவுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க், பயனர் உள்நுழைந்த பிறகுதான் மீடியா கோப்புறையில் வந்து இணைகிறது. அதற்கு முன்பே ஓடும் சர்வீஸ், டிஸ்க் இல்லாத இடத்தில் தானே ஒரு கோப்புறையை உருவாக்கி, உள் டிஸ்கிலேயே நகல்களைக் கொட்டும். பிறகு உண்மையான டிஸ்க் வந்ததும், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதென்று பெயரோடு 1 சேர்த்து இணையும். நகல்கள் போய்க்கொண்டேதான் இருக்கும், தவறான இடத்துக்கு.

நிரந்தரமாக ஓடும் நிரல்தான் வேண்டும் என்றால், மறுதொடக்க இடைவெளியை மறக்காமல் குறியுங்கள். குறிக்காவிட்டால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. பத்து விநாடிக்குள் ஐந்து முறை விழுந்தால் சிஸ்டம்டி கைகழுவிவிடும். டிஸ்கின் கம்பி கழன்ற நேரத்தில் ஐந்து வாய்ப்பும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். 30 விநாடி இடைவெளி கொடுத்தால் போதும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தானாகத் தீராதது ஒன்று உண்டு: பாதிக் கோப்பு. இருபது பக்கப் பத்திரத்தை ஸ்கேனர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கோப்புறையைக் கவனிக்கும் நிரல் புதிய கோப்பு வந்துவிட்டதென்று பாய்ந்து ஏழாம் பக்கம் வரைக்குமே நகலெடுத்துவிடும். கடைசியாக மாறி இரண்டு நிமிடமாவது ஆன கோப்பை மட்டும் தொடு என்று நிரலில் எழுதுங்கள். நகலைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகு உரிய பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால், தற்காலிகப் பெயரோடு கிடக்கும் அந்தத் துண்டை அடுத்த ஓட்டம் அழித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளும்.