வலிமைக் கணிப்பும் ஒளிந்திருந்த ஒரு டிகிரியும்

கார்பன் இழைத் தகடுகளின் விறைப்பையும் வலிமையையும் இழை மட்டத்திலிருந்து கணிக்கும் இந்தப் பன்மட்ட மாதிரியாக்க மென்பொருளைத் தம் நிறுவனத்துக்கு வாங்கலாமா என்று உடன் படித்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். அன்று காலையில்தான் எங்கள் ஆய்வகத்தில் ஐந்தாவது அமுக்கச் சோதனைத் துண்டும், கணித்த வலிமையில் முக்கால் பங்கைக்கூட எட்டாமல் உடைந்திருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

விறைப்பை, அதாவது சுமைக்குத் தகடு எவ்வளவு வளைந்து கொடுக்காமல் நிற்கும் என்பதை, கணிப்பதில் இந்த நான்கு ஆண்டுகளில் இது ஒருமுறையும் என்னைக் கைவிட்டதில்லை. 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கார்பன் இழைகளையும் சுற்றியிருக்கும் எப்பாக்சி பிசினையும் ஒரு சிறு கட்டத்துக்குள் வைத்துக் கணக்கிட்டு, அங்கிருந்து அடுக்குக்கும், பிறகு முழுத் தகட்டுக்கும் ஏறிப்போகிறது. நெசவுத் துணி அடுக்குகளைக்கூட நான் சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிடும். அளந்து பார்த்தால் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

ஆனால் விறைப்பு என்பது எல்லா இழைகளும் சேர்ந்து சுமக்கும் சராசரி. வலிமையைத் தீர்மானிப்பதோ இருப்பதிலேயே மோசமான ஓரிடம். அமுக்கத்தில் அது பெரும்பாலும் இழைகள் லேசாகச் சாய்ந்து கிடக்கும் இடம். சாய்ந்த இழை பக்கத்துப் பிசினைச் சறுக்க வைக்கிறது. பிசின் விட்டுக்கொடுக்க, சாய்வு இன்னும் கூடுகிறது. கண்ணிமைப்பதற்குள் இழைக்கட்டு மடிந்து முறிகிறது. 1972-இல் ஆர்கன் என்ற ஆய்வாளர் தந்த எளிய சூத்திரப்படி, சாய்வு இரு மடங்கானால் வலிமை பாதி.

உடைந்த துண்டை நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். குறுக்கே சரிவாக ஓடும் ஒரு பட்டை. அதன் இரு ஓரங்களிலும் இழைகள் வரிசையாக முறிந்திருந்தன. சிதையாத பகுதியில் சாய்வை அளந்தேன். 2 டிகிரிக்கும் மேல் இருந்தது. மென்பொருள் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது 1 டிகிரி! பட்டியலுக்குள் பட்டியலாகத் திறந்துபோனால்தான் அந்த எண் கண்ணில் படும். முடிவு அறிக்கையில் வலிமையைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அச்சிடுகிறார்கள். கோணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். கையேட்டைப் பாருங்கள் என்றே மூன்று முறையும் பதில் வந்தது.

முறிவைக் கணிப்பது யாருக்குமே கடினம்தான். பிரிட்டனில் ஹின்டன், கடூர், சோடன் ஆகிய ஆய்வாளர்கள் நடத்தி 2004-இல் முடித்த ஒப்பீட்டில் 19 கோட்பாடுகளை 14 சோதனை நிலைகளோடு வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தியது ஒன்றுகூட இல்லை. ஆகவே கணிப்பு தவறியதை மன்னித்துவிடுவேன். எதை நம்பிக் கணித்தது என்பதைச் சொல்லாமல் விட்டதை மன்னிக்க மனம் வரவில்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் தகட்டின் தடிமனை முடிவு செய்கிறார்.

விறைப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல கருவியை நான் கையாண்டதில்லை. நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும் தாளும் இன்னும் கையெழுத்தாகாமல் மேசையில் கிடக்கிறது.