பொறியிலுள்ள அயனிக்கு எது துணை: மீக்குளிர் அணுக்களா, மூலக்கூறுகளா?

ஒற்றை அயனியை மின்பொறியில் (மின்புலத்தால் துகளைப் பிடித்துவைக்கும் கருவியில்) நிறுத்தி, அதைச் சுற்றி எந்த மீக்குளிர் வாயுவை, அதாவது முழுப்பூச்சிய வெப்பநிலையை நெருங்கக் குளிர்விக்கப்பட்ட வாயுவை, வைப்பது என்று தயங்குவோருக்காக இந்த ஒப்பீடு.

தயாரிப்பு:
அணுக்களை லேசரால் நேரடியாகக் குளிர்விக்கலாம். 2010-இலேயே ஓர் அயனி, ரூபிடியத்தின் போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருளுக்குள் (அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் திரளும் மீக்குளிர் வாயுவுக்குள்) வைக்கப்பட்டது.
மூலக்கூறுகளையோ, 2008-இல் பொட்டாசியம்-ரூபிடியத்தில் செய்ததுபோல, குளிர்ந்த அணுக்களைக் காந்தப்புலத்தால் இணைத்து, லேசர்களால் அடிநிலைக்கு (மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கு) இறக்கிப் பெறுவதே பெரும்பாலும் வழி.

விசை எட்டும் தொலைவு:
என் மதிப்பீட்டில் மிக முக்கியமான அளவுகோல் இதுதான். அணுவில் அயனியே இருமுனையை (நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்கும் அமைப்பை) தூண்ட வேண்டியிருப்பதால், ஈர்ப்பின் நிலையாற்றல் தொலைவின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது.
மின்புலத்தால் திசைப்படுத்தப்பட்ட முனைவுற்ற மூலக்கூறில் (இருமுனையை இயல்பாகவே கொண்ட மூலக்கூறில்) அது இரண்டாம் படிக்கு எதிர்விகிதத்தில் மட்டுமே தேய்வதால், அயனியின் பிடி வெகுதொலைவு நீள்கிறது. மூலக்கூறு சுழற்சி அடிநிலையில் திசையின்றி இருந்தால் நான்காம் படி விதியே திரும்பும். ஆயினும், இருமுனைத் திருப்புத்திறன் (இருமுனையின் வலிமையைக் குறிக்கும் அளவு) பெரிதாயின், அந்த ஈர்ப்பு அணுவினுடையதைவிடப் பன்மடங்கு வலிமையானது.

இழப்பு:
அணுக்களில் மின்னூட்டப் பரிமாற்றமும் (அணுவின் எலக்ட்ரான் அயனிக்குத் தாவுவதும்), அடர்த்தி மிகும்போது மூன்று துகள் சேர்க்கையும் (மூன்று துகள்கள் மோதி இரண்டு பிணைவதும்) அயனியைப் பறிக்கும்.
மூலக்கூறுகளில் வினைப்பாதைகள் இன்னும் பல.

வெப்பம்:
பொறியின் அலைவு மின்புலம் ஏற்படுத்தும் நுண்ணசைவு மோதல்களில் வெப்பமாகிறது. கனமான இட்டெர்பிய அயனியுடன் இலேசான லித்தியம் அணு சேர்ந்தால் இது வெகுவாகக் குறையும். கனமான மூலக்கூறுகளில் அவ்வசதி கிடைப்பதில்லை.

அயனியைக் குளிர்விப்பதே நோக்கமெனில் இலேசான அணுக்களைத் தேர்ந்தெடுங்கள். குவாண்டம் நிலைகளைத் தேர்ந்து வேதிவினையைப் படிப்படியாக ஆராய விரும்புவோர், கூடுதல் உழைப்பை ஏற்று, மூலக்கூறுகளையே நாட வேண்டும்.