விண்டோஸ் 11 ஃபைல் எக்ஸ்ப்ளோரர்: பழகியபின் மிஞ்சும் குறைகளும் வசதிகளும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வேறு வழியின்றி 11-க்கு வந்தவர்களுக்கு முதலில் கை தடுமாறுவது ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் காட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில்தான். அந்த எரிச்சலில் முக்கால்வாசி செட்டிங்ஸை மாற்றினால் தீர்ந்துவிடும். மீதிதான் கவனிக்க வேண்டியது.

ரைட் கிளிக் மெனுவில் கட், காப்பி, ரீநேம் எல்லாம் சின்னப் படங்களாகச் சுருங்கிவிட்டன. 24எச்2 பதிப்பில்தான் அவற்றுக்குப் பெயரும் சேர்ந்தது. மற்ற மென்பொருள்களின் வரிகள் பல 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் ஒளிந்துகொண்டன. ஷிஃப்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும். இதற்காக ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள்அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) கைவைக்கத் தேவையில்லை. எஃப்2 மாறவில்லை. பெயர் மாற்றியதும் என்டருக்குப் பதில் டேப் கீயைத் தட்டினால் அடுத்த ஃபைலின் பெயர் திறக்கும். ஐம்பது போட்டோவுக்கு வரிசையாகப் பெயர் வைக்கும்போது இதன் அருமை தெரியும்.

வரிகள் தள்ளித் தள்ளி நின்றால் வியூ மெனுவில் 'காம்பேக்ட் வியூ'. அதே மெனுவின் 'ஷோ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக்கை முதல் நாளே போடுங்கள். இல்லாவிட்டால் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற வைரஸும் வெறும் 'பில்.பிடிஎஃப்' என்றே கண்ணுக்குத் தெரியும். திறந்தவுடன் ஹோம் வராமல் டிரைவ்கள் வர வேண்டுமா? மூன்று புள்ளி, ஆப்ஷன்ஸ், ஜெனரல், அங்கே 'திஸ் பிசி'.

சில ஃபோல்டர்கள் மட்டும் திறக்க நேரமெடுக்கும். அதைப் படம் அல்லது வீடியோ ஃபோல்டர் என்று விண்டோஸ் தானாக முடிவுகட்டி, ஒவ்வொரு ஃபைலின் உள்விவரத்தையும் படிக்க முயல்வது ஒரு காரணம். ப்ராப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' போய் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றினால் வேகம் கூடும். டவுன்லோட்ஸ் தேதிவாரியாகப் பிரிந்து கிடப்பது பிடிக்கவில்லையென்றால் சார்ட் மெனுவில் 'குரூப் பை', அதில் 'நன்'.

உண்மையான லாபம், ஒரே ஜன்னலில் பல ஃபோல்டர்களைத் திறந்துவைக்க உதவும் டேப்கள்தான். 2022 அக்டோபரில் வந்தன. கண்ட்ரோல்+T புது டேப் திறக்கும். ஃபோல்டர்மேல் மவுஸ் சக்கரத்தை அழுத்தினாலும் போதும். ஃபைலை இழுத்து இன்னொரு டேப்பின்மேல் கொஞ்சம் நிறுத்தினால் அது திறந்துகொள்ளும். பிறகு உள்ளே விடலாம். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகல் ஆகும் என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. நகல்தான் வேண்டுமென்றால் கண்ட்ரோலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து ஒன்டிரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தில். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடக்கூடும். பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. டெஸ்க்டாப் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' பார்த்தால் தெரியும். இலவச இடம் 5 ஜிபிதான். நிறைந்தால் சிங்க் (ஃபைல்களை இணையத்தோடு ஒத்திசைப்பது) நிற்கும். ஃபைல் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது கம்ப்யூட்டரில் இல்லை, நெட் இல்லாமல் திறக்காது. பயணத்துக்கு முன் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். டிஸ்கில் இடம் வேண்டுமென்று டெலிட் செய்யாதீர்கள், ஒன்டிரைவிலும் அழிந்துவிடும். அதற்கு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது.

இந்த இடமாற்றத்தால் பாதையும், அதாவது டிரைவிலிருந்து ஃபைல் பெயர்வரையான முகவரியும், நீளும். முழுப் பாதைக்கு 260 எழுத்துதான் வரம்பு. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் இடிக்கும், காரணம் விண்டோஸ் எண்ணுவது வேறு கணக்கு: 'கோப்பு' நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி. ஜிப்பைப் பிரிக்கும்போது பாதை நீளம் என்று பிழை வந்தால் D டிரைவின் மேல்மட்டத்திலேயே சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே பிரியுங்கள்.

இன்னொரு விசித்திரம்: ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'ொ' என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், விண்டோஸுக்கு வேறுவேறு. மேக்கிலிருந்து வந்த ஃபைல்களில் இப்படிப் பிரிந்த பதிவு வரலாம். சந்தேகமிருந்தால் எஃப்2 தட்டி, பெயரை முழுதாக அழித்து உங்கள் கீபோர்டிலேயே மறுபடி தட்டச்சு செய்யுங்கள்.