மார்த்தாண்டத்துச் சொல் அட்டைகள்: ‘ஃப்ளாபர்காஸ்டட்’ அட்டை ஒன்றே போதும், பதம் பார்க்க

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களைத் தயார் செய்யும் மார்த்தாண்டம் பயிற்சி மையம் ஒன்று, மாணவர்களுக்கு ஆங்கிலச் சொல் அட்டைக் கட்டு கொடுக்கிறது. கெட்டியான தாள், பெரிய எழுத்து. நாகர்கோவில் பஸ்ஸில் நின்றுகொண்டே புரட்டலாம். குறையெல்லாம் உள்ளே இருப்பதில்தான்.

‘ஃப்ளாபர்காஸ்டட்’ (flabbergasted) அட்டையில் பொருள் ‘மிகவும் ஆச்சரியமான’ என்று இருக்கிறது. ஆச்சரியமானது செய்தி; இந்தச் சொல்லோ அதைக் கேட்டுப் பேச்சு வராமல் நிற்கும் ஆளுக்கு உரியது. அட்டையை நம்பியவர் ‘ஃப்ளாபர்காஸ்டட் நியூஸ்’ என்று எழுதிவிடுவார். செய்திக்கு வர வேண்டியது ‘ஃப்ளாபர்காஸ்டிங்’. ‘வாயடைத்துப்போன’ என்று அச்சிட்டிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. மலையாளம் கலந்து பேசும் விளவங்கோட்டுப் பிள்ளைகளுக்கு ‘அந்தம் விட்டு நிக்கது’ என்றால் சட்டென்று விளங்கும்.

எடுத்துக்காட்டு வாக்கியத்தில் ‘வெரி ஃப்ளாபர்காஸ்டட்’. இது இன்னொரு சறுக்கல். உச்சத்தைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ ஒட்டாது, ‘அப்சல்யூட்லி’ போடலாம். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘அட்’ அல்லது ‘பை’, வினை வந்தால் ‘டு’. முகூர்த்த நாளில் தோவாளையில் பிச்சிப்பூ விலை விசாரித்தவர், ‘ஐ வாஸ் ஃப்ளாபர்காஸ்டட் அட் த ப்ரைஸ்’ என்றோ ‘ஃப்ளாபர்காஸ்டட் டு ஹியர் த ப்ரைஸ்’ என்றோ சொல்லலாம்.

உச்சரிப்பைத் தமிழில் கொடுத்தது நல்ல யோசனை. ஆனால் ப, க இரண்டையும் ‘பாபு’, ‘காந்தி’ என்பதில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு இல்லை. அழுத்தம் முதல் அசையில். கடைசி அசை ‘டிட்’ என்று முடியும். வேகத்தில் அதை விழுங்கினால் சொல் அரைகுறையாகிவிடும்.

பிறப்பு பற்றி ‘ஃப்ளாபி’யும் (தொளதொளத்த) ‘அகாஸ்ட்’டும் (திகைத்த) சேர்ந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். அது வெறும் ஊகம். 1772-இல் புது நாகரிகப் பேச்சாகப் பதிவானது என்பதுதான் உறுதி.

பெரிய விடுபடல் வேறு: இது பேச்சு வழக்குச் சொல் என்று எங்குமே எழுதவில்லை. ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வின் பேச்சுப் பகுதியில், வியந்த அனுபவத்தைச் சொல்லும்போது கச்சிதமாக உட்காரும். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி (OET) ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில், நோயாளி குறித்து மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் வந்தால் பல்லிளிக்கும். கட்டுரைக்கு ஆகும் ‘அஸ்டானிஷ்ட்’ அட்டை இதே கட்டில் பிழையில்லாமல் இருக்கிறது.