ப்ராக்ஸி யாருக்கு: தங்கைக்கா, செயலாளருக்கா?

லாஸ்பேட்டையில் ஒரு ஃபிளாட், அண்ணன் தங்கை இருவர் பெயரில். அண்ணன் கடலூரில் இருக்கிறார். ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் பொதுக்குழு வருகிறது. பத்திரத்தில் எத்தனை பெயர் இருந்தாலும் பெரும்பாலும் ஃபிளாட்டுக்கு ஓட்டு ஒன்றுதான். அந்த ஓட்டை இருவர் சார்பிலும் போடும் அதிகாரத்தை, அதாவது ப்ராக்ஸியை, யாரிடம் கொடுப்பது: தங்கையிடமா, சங்கச் செயலாளரிடமா?

செயலாளரிடம் கொடுப்பது சுலபம். வாட்ஸ்அப்பில் படிவம் வரும். இருவரும் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் யாருடைய கணக்கைக் கூட்டம் பாஸ் பண்ண வேண்டுமோ அவர் கையிலேயே உங்கள் ஓட்டும் இருக்கும்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் குடியிருப்பு) சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டது: 20 லாட் (ஃபிளாட் போன்ற தனித்தனிப் பகுதி) வரை உள்ள குடியிருப்பில் ஒருவர் ஒரே ஒரு ப்ராக்ஸிதான் வைத்திருக்கலாம், 20 லாட்டுக்கு மேல் உள்ள குடியிருப்பில் மொத்த லாட் எண்ணிக்கையில் 5 சதவீதம் வரை. நம் பக்கம் சங்கத்தின் விதிகளான பைலாவைத்தான் புரட்ட வேண்டும்.

தங்கை போனால் கதையே வேறு. 'லிஃப்டுக்கு இவ்வளவா? கொட்டேஷனைக் காட்டுங்க' என்று எழுந்து கேட்பார். அண்ணன் தங்கைக்குள் ஒத்துப்போகாவிட்டால்தான் தலைவலி. முதல் நாளே போனில் பேசி முடித்துவிடலாம்.

என் ஓட்டு தங்கைக்கே. செயலாளர்தான் கதி என்றால், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவா எதிர்ப்பா என்று படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள்.