செம்மண்ணில் நாலு வருஷம்: வீட்டில் கட்டிய பக்கி வண்டி

வண்டியில் மாட்டியிருக்கும், எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் போன ஞாயிற்றுக்கிழமை 312 மணி நேரத்தைத் தொட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் இந்த பக்கியை, அதாவது மண் தடத்தில் ஓட்டும் திறந்த வண்டியை, கட்டி முடித்து நாலு வருஷம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். இத்தனை நாள் ஓட்டியதில் நான் கண்டது வேறு. இந்த ஊர்ச் செம்மண் தூசியை உள்ளே விடாமல் வைத்திருக்கவும், எதையும் அரை மணி நேரத்தில் கழற்றிப் பார்க்கவும் முடிந்தால் வண்டி உழைக்கும். வேகம் அதற்கு அப்புறம்தான்.

எஞ்சின் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் மாடல், சுமார் 37 குதிரைசக்தி. 1983 கடைசியில் வந்து 2014 வரை ஓடிய கார் அது. அதனால் கிளட்ச் பிளேட்டோ வாட்டர் பம்போ தேடி நான் மதுரைக்கோ திருச்சிக்கோ போனதே இல்லை, காரைக்குடியிலேயே கிடைத்துவிடுகிறது. காயலான் கடையில் எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரத்தைச் சுற்றவைக்கும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட், சக்கரம் மாட்டும் ஹப் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்கு எடுத்தேன். முன்பக்கம் இருந்ததை அப்படியே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தூக்கி வைத்தாயிற்று. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். காரில் எந்தத் திசையைப் பார்த்து இருந்ததோ அதே திசையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இட வசதிக்காகத் திருப்பி வைத்துவிட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், முன்னால் போக ஒரே ஒரு கியரும் பின்னால் போக நாலு கியரும்தான் இருக்கும்.

சட்டகத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது கல்லூரி மாணவர்கள் இதுபோன்ற வண்டியைத் தாங்களே கட்டிக் கலந்துகொள்ளும் பாஜா போட்டியின் விதிகளை. அதில் ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கூண்டின் பைப்புக்கு 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் என்று இருக்கும். அந்த வண்டிகள் இதைவிடச் சின்ன எஞ்சினில் ஓடுபவை. என்னுடையது கனமானது, வேகமும் கூடுதல், அதனால் 38 மி.மீ. சீம்லெஸ் (நீளவாக்கில் ஒட்டு இல்லாத) பைப்புக்குப் போனேன். பணம் கூடத்தான் ஆனது. தலைக்கு மேலே இருக்கிற பைப்பில் கணக்குப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. வெல்டிங் செய்து கொடுத்த அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பைப் வாய் இன்னொரு பைப்புல நகம் நுழையாம உக்காரணும். அப்புறம்தான் நான் ராடு எடுப்பேன்." ஒவ்வொரு மூட்டையும் அரம் வைத்து ராவி, நகத்தை வைத்துப் பார்த்துத்தான் விட்டார். 312 மணி நேரத்தில் ஒரு மூட்டில்கூட விரிசல் இல்லை.

முதல் வருஷம் நான் செய்த பெரிய தப்பு ஏர் ஃபில்டர் விஷயத்தில். இடம் இருக்கிறதே என்று எஞ்சினுக்குப் பின்னால், தாழ்வாக வைத்திருந்தேன். பின்சக்கரம் கிளப்பும் புழுதி நேராக அங்கேதான் போகும். நாற்பது மணி நேரம்கூட ஓடியிருக்காது, சைலன்சரில் நீலப் புகை, ஆயில் வேறு குறைந்துகொண்டே வந்தது. ஃபில்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடைத்தேன். நுனியில் குங்குமம் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஹோஸின் அடிப்பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அவ்வளவுதான், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது), புது பிஸ்டன், ரிங் என்று 14,000 ரூபாய்.

அதன் பிறகு ஃபில்டரை ரோல் கேஜுக்கு உள்ளே, தலைக்குப் பின்னால் உயரத்தில் மாற்றினேன். பேப்பர் ஃபில்டருக்கு மேலே எண்ணெயில் நனைத்துப் பிழிந்த ஃபோம் உறை. ஃபில்டர் உட்காரும் விளிம்பில் லேசாக கிரீஸ். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் ஃபோமைத் துவைப்பது கட்டாயம், பக்கெட் தண்ணீர் சிவப்பாகிவிடும். எஞ்சின் ஆயிலை 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். ரீபோருக்குப் பிறகு புகை கிடையாது.

இன்னொரு தொல்லையைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தானாகவே இடதும் வலதுமாக இழுக்கும். ஓட்டுவதில்தான் குறை என்று நினைத்திருந்தேன். காரின் முன் ஹப்பைப் பின்னால் வைத்ததால், ஸ்டியரிங் கம்பி மாட்டும் கை அதில் அப்படியே இருக்கிறது. அதை ஒரு கம்பியால் சட்டகத்தோடு பூட்டியிருந்தேன். சக்கரம் மேலே ஏறும்போது, ஹப்பைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ் ஆர்ம் ஒரு வட்டத்தில் சுற்றும், இந்தக் கம்பி வேறொரு வட்டத்தில் சுற்றும், நடுவில் சக்கரம் திரும்பிவிடும்.

கொத்தனாரிடம் இரண்டு தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் நேரான அலுமினியப் பட்டை ஒன்றைக் கட்டி, அதன் இரு முனையிலும் குண்டைத் தொங்கவிட்டேன். ஜாக்கியால் சக்கரத்தை 2 செ.மீ. 2 செ.மீ. ஆகத் தூக்கி, குண்டு காட்டும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்தேன். 10 செ.மீ. தூக்கியபோது இரண்டு குறிக்கும் 18 மி.மீ. வித்தியாசம்! கம்பியின் உள்முனை பிராக்கெட்டை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். 35 மி.மீ. உயர்த்தியபோது வித்தியாசம் 2 மி.மீ.க்கு வந்தது. மறுநாள் காலையில் அதே புஞ்சைக்காட்டில் ஓட்டினேன். வேறு வண்டியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, ஸ்டியரிங்கை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வரப்பைத் தாண்ட முடிந்தது. நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அந்தக் காலைதான்.

சீமைக்கருவேல முள் இரண்டு தடவை டிரைவ் ஷாஃப்ட் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழித்தது. பழைய லாரி மட்ஃபிளாப்பை வெட்டி மறைப்பு கட்டிய பிறகு இல்லை. முன் ஆர்மில் போட்டிருந்த ரோஸ் ஜாயிண்ட் (உருண்டை வைத்த இரும்பு மூட்டு) இந்தத் தூசிக்கு ஆகவே ஆகாது, மூன்றே மாதத்தில் கடகடவென்று ஆடியது. ரப்பர் புஷ்ஷுக்கு மாறிவிட்டேன், பந்தயத்துக்கும் அதுவே போதும். பிரேக் ஃபுளூயிட் வருஷம் ஒரு தடவை.

எங்கள் ஐயா மாட்டுவண்டியில் ஏறுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் ஏற மாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. முக்கியமான ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சுற்று நடந்து பார்க்க ஐந்து நிமிஷம். இப்படித்தான் போன வருஷம் கோவைப் பக்கம் ஒரு மண் தடப் பந்தயத்தில், கிளம்புவதற்குச் சற்று முன்னால், இடது கீழ் ஆர்ம் நட்டு அரைச் சுற்று கழன்றிருந்ததைப் பிடித்தேன்.

ரோட்டில் இதை ஓட்ட முடியாது, பதிவு கிடையாது. பக்கத்து ஊருக்குப் போவதானாலும் குட்டியானை வாடகைக்குப் பிடித்து ஏற்ற வேண்டும், கட்ட நினைப்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலத்தை முதலிலேயே அளந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டுப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும், நிலையில் ஒரு பக்கத்துக்கு மூன்று விரல் இடைவெளிதான் மிஞ்சுகிறது.

இதுவரை மொத்தம் 2,10,000 ரூபாய் ஆகியிருக்கிறது, ரீபோரும் அதில் சேர்த்தி. ஐப்பசி மழையில் புஞ்சை சேறாகிவிடும் என்பதால் தை வரை வண்டி பின்கட்டில்தான். அதற்குள் சீட் பெல்ட்டின் ஐந்து பட்டைகளையும் மாற்ற வேண்டும், வெயிலில் நூல் வெளுத்துப்போய் விளிம்பில் பிசிறு தெரிகிறது.