லீட்ஸ் கச்சேரி: ஆறு பாட்டா, முழு இரவா?

'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நேரடிக் கச்சேரி ஆல்பமான 'லைவ் அட் லீட்ஸ்' வாங்கலாம் என்று யாராவது நினைத்தால், முதலில் வரும் கேள்வி எந்த லீட்ஸ் என்பதுதான். 1970 மே மாதம் வந்த எல்பியில், அதாவது இசைத்தட்டில், ஆறே பாட்டு. நாற்பது நிமிடம்கூட வராது. 1995-இல் வந்த சிடியில் பதினான்கு. 2001-இல் வந்த இரட்டை சிடியில், ஒரு முழுக் கதையைப் பாட்டுகளாகச் சொல்லும் அவர்களுடைய 'டாமி' உட்பட ஏறக்குறைய முழுக் கச்சேரியும் இருக்கிறது. 2010-இல் மறுநாள் ஹல் நகரில் நடந்த கச்சேரியையும் சேர்த்து ஒரு பெட்டியாகவே போட்டார்கள்.

நான் முதலில் வாங்கியது 2001 இரட்டை சிடி. இவ்வளவு இருக்கும்போது ஆறு பாட்டுக்கு எதற்குக் காசு என்று பல வருடம் எல்பி பக்கமே போகவில்லை. பிறகு ஒரு மறுபதிப்பு எல்பி கைக்கு வந்தது. இன்று வாரத்துக்கு ஒருமுறையாவது சுற்றுவது அதுதான். சிடியை எடுத்து மாதக்கணக்காகிறது.

இரண்டுக்கும் மூலம் ஒரே ராத்திரி. 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடம். அதற்கு முந்தைய வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை நிறையவே பதிவு செய்திருந்தார்கள். ஆனால் அத்தனை டேப்பையும் உட்கார்ந்து கேட்டுப் பொறுக்கியெடுக்கக் குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்டுக்குப் பொறுமையில்லை. புதிதாக இரண்டே கச்சேரியைப் பதிவு செய்வோம் என்று லீட்ஸையும் ஹல்லையும் தேர்ந்தெடுத்தார்கள். ஹல் டேப்பில் முதல் சில பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் பதிவாகவில்லை. லீட்ஸ் ஆல்பமானது அப்படித்தான்.

சாதாரண விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எல்பிக்குப் பராமரிப்பு வேண்டும்: தூசி துடைக்க வேண்டும், முள்ளைக் கவனிக்க வேண்டும். சிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் சிடிதான் லாபம். ஒலித் தெளிவில் யார் மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என்னிடம் இருப்பது முதல் பதிப்பு அல்ல, ஸ்பீக்கரும் சிறியது. ஒன்று மட்டும் சொல்லலாம். மூல டேப்பிலேயே ஒரு கரகரப்பு இருந்தது. அது இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று எல்பியின் நடு லேபிளில் கையெழுத்தில் எழுதியே அச்சிட்டார்கள். 1995 சிடிக்காக அதைக் கணினியில் நீக்கிவிட்டார்கள். 'யங் மேன் ப்ளூஸ்' பாட்டில் பாடகர் ரோஜர் டால்ட்ரி தனியாக ஒரு வரி பாடுவார், ஒரு கணம் எல்லாம் நிற்கும், பிறகு மூன்று பேரும் சேர்ந்து வந்து விழுவார்கள். அந்த நிற்கிற இடம் சிடியில் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. எனக்குக் கரகரப்போடு கேட்பதுதான் பிடிக்கிறது. இது பழக்கமாகவும் இருக்கலாம்.

இரட்டை சிடியில் கிடைப்பதைக் குறைத்துச் சொன்னால் நியாயமில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் என்ட்விஸ்டில் எழுதிய 'ஹெவன் அண்ட் ஹெல்' பாட்டோடு கச்சேரி தொடங்குகிற வேகம் எல்பியில் இல்லை. 'எ குயிக் ஒன்' என்ற குட்டி ஓபரா எட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. அதற்கு முன்னால் டவுன்ஷெண்ட் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிறார். அது எல்பியில் இல்லாதது உண்மையான இழப்பு. அப்புறம் இரண்டாவது தட்டில் 'டாமி'. ஸ்டுடியோ பதிப்பை விட இதில் ரத்தம் அதிகம் ஓடுகிறது.

அப்படியும் நான் எல்பி பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒரே ஒரு பாட்டு, 'மை ஜெனரேஷன்'. சரியாகச் சொன்னால், அது எந்த இடத்தில் வருகிறது என்பது.

பாட்டு என்று பார்த்தால் சில நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அவர்கள் நிறுத்துவதில்லை. கிட்டத்தட்ட பதினைந்து நிமிடத்துக்கு எங்கெங்கோ போகிறார்கள். நடுவில் 'டாமி'யிலிருந்து 'சீ மீ, ஃபீல் மீ' எட்டிப் பார்க்கிறது. கிட்டார் தனியே ஒரு துணுக்கை வாசித்துவிட்டு அடங்குகிறது. இனி முடிந்தது என்று நினைக்கும்போது கீத் மூனின் டிரம்ஸ் மறுபடி உருட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் குழுவில் இரண்டாவது கிட்டார்காரர் கிடையாது. டவுன்ஷெண்ட் சும்மா இருக்கும் இடங்களில் என்ட்விஸ்டிலின் பேஸ்தான் பாட்டை இழுத்துப் போகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவர் எங்கே திரும்பப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசிப்பது கேட்கும்போதே தெரியும்.

இதைக் கேட்கக் காது புதிதாக இருக்க வேண்டும். எல்பியில் இது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. முதல் பக்கம் பதினைந்து நிமிடம்தான். எழுந்து போய்த் தட்டைத் திருப்பி, முள்ளை வைத்து, வந்து உட்கார்ந்தால் 'மை ஜெனரேஷன்' ஆரம்பிக்கிறது. அந்த இடைவெளியில் காது ஓய்வெடுத்திருக்கும். இரட்டை சிடியில் அது முதல் தட்டின் பன்னிரண்டாவது பாட்டு. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் உச்சஸ்தாயியில் கேட்ட பிறகு வருகிறது. பாதி நாட்கள் அதற்குள் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன், அல்லது உடம்பு மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. அன்று அரங்கத்தில் 'எ குயிக் ஒன்' முடிந்ததும் 'டாமி'யை வாசித்துவிட்டுத்தான் கடைசி நான்கு பாட்டுக்கு வந்தார்கள். அதனால் 'மை ஜெனரேஷன்' நடுவில் 'சீ மீ, ஃபீல் மீ' வரும்போது, சற்று முன் கேட்டதன் நினைவாக அது ஒலித்திருக்கும். 2001 சிடியில் 'டாமி'யைத் தனியாக இரண்டாம் தட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நினைவு முதலில் வருகிறது, நடந்தது பிறகு வருகிறது. முழுக் கச்சேரியைத் தருகிற பதிப்பில், கச்சேரியின் வரிசை இல்லை. போனில் பாட்டுகளை மாற்றி அடுக்கி அரங்கத்து வரிசையிலேயே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அடிக்கடி முடியாது.

எல்பியைத் தொகுத்த விதத்தில் இருக்கும் துணிச்சலும் எனக்குப் பிடிக்கும். 'டாமி' வெளிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர்களை உலகம் முழுக்க உயர்த்திய ஆல்பம் அது. அதை எல்பியில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்', 'ஹாப்பி ஜாக்' போன்ற ஹிட் பாட்டுகளையும் விட்டார்கள். முதல் பக்கத்தின் நான்கு பாட்டில் 'சப்ஸ்டிடியூட்' மட்டுமே சொந்தப் பாட்டு. மற்ற மூன்றும் மோஸ் ஆலிசன், எடி காக்ரன், ஜானி கிட் ஆகிய வேறு பாடகர்கள் வழியாக வந்தவை. அட்டையும் கள்ளப் பதிப்பு போல வெறும் பழுப்புத் தாள், ரப்பர் ஸ்டாம்ப் குத்திய மாதிரி எழுத்து. இந்த நான்கு பேர் சேர்ந்து வாசித்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளியிருக்கிறார்கள்.

'டாமி'யை ஏற்கெனவே நேசிப்பவர் என்றால் 2001 பதிப்பையே வாங்குங்கள்; எல்பி உங்களுக்குப் போதாது. 1995 சிடி நடுவழி, 'டாமி'யின் ஒரு பகுதி அதில் சரியான இடத்திலேயே இருக்கிறது. ரெக்கார்ட் பிளேயர் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். 2010 பெட்டியின் ஹல் பகுதியை இரண்டு மூன்று முறைக்கு மேல் கேட்டதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் என்னிடம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் எல்பியைத்தான் போட்டேன். 'மேஜிக் பஸ்' கட்டை தட்டும் தாளத்தில் தொடங்கி, ஏழு நிமிடம் ஏறி, கைதட்டலில் முடிந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. தட்டைத் திருப்பி 'யங் மேன் ப்ளூஸ்' பக்கத்தை மறுபடி வைத்தேன்.